மாமாவுக்கு உப்பு இறங்கியது என் சமையலாலா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம். என் மாமாவுக்கு (கணவரின் அப்பா) 72 வயது, 52 கிலோ எடை. இப்போதும் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். மரங்கள் இலை உதிர்த்து வெட்டு நின்றிருந்த சமயத்தில் பிரஷர் கூடியிருக்கிறது என்று புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தார்கள். உப்பைக் குறைக்கவும் சொன்னார்கள். நான் பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். கஞ்சிக்குக்கூட உப்பு போடவில்லை. கருவாடு, உப்பிலிட்ட மாங்காய் எல்லாம் கிடையாது. மாமாவுக்குப் பல் போய்விட்டதால் பெரும்பாலும் கஞ்சியும் கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத டீ)தான். இதற்கிடையில் போனில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, கிட்னிக்கு நல்லது என்று தினமும் நாலைந்து லிட்டர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். இரண்டு வாரத்தில் ஓக்காளம், நடந்தால் தள்ளாட்டம். ஒருநாள் விடியற்காலையில் பேரனைப் பார்த்து 'யாருடே நீ' என்று கேட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் சோடியம் 116 என்றார்கள். ஐசியூவில் நாலு நாள். இப்போது 134, வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் மகன் கல்ஃபில் இருக்கிறார். இங்கே பக்கத்து வீடுகளில், 'உப்பில்லாத கஞ்சி குடுத்துல்லா மனுஷனை இந்தக் கோலத்துல ஆக்கிட்டா' என்கிறார்கள். உண்மையிலேயே நான்தான் காரணமா? உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்கிறார்களே, ஏன் செய்யவில்லை? வெறும் உப்புதானே, அதை ஒரே நாளில் ஏற்றாமல் ஏன் நாலு நாள் இழுத்தார்கள்? இனி எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர்? இளநீர் கொடுக்கலாமா? மீண்டும் வெட்டுக்குப் போகணும் என்று அடம்பிடிக்கிறார், விடலாமா?

பதில்: இல்லை, நீங்கள் காரணம் இல்லை. மீதியைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் படித்துக் காட்டிவிடுங்கள். நீங்கள் உப்பை நிறுத்தியதற்கு இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. ஆனால் அது அவர்கள் நினைக்கிற வழியில் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த 116 என்ற எண்ணிலிருந்து தொடங்கலாம். அதைக் கேட்டதும் எல்லாரும் 'உடம்பில் உப்பு தீர்ந்துவிட்டது' என்றுதான் நினைக்கிறார்கள். அந்த எண் உடம்பில் இருக்கும் மொத்த உப்பைச் சொல்வதில்லை. ஒரு லிட்டர் ரத்தநீரில் எத்தனை மில்லிமோல் சோடியம் கரைந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அது 135-க்கும் 145-க்கும் நடுவில் இருக்க வேண்டும். நீங்கள் வைத்த மீன்கறியில் உப்பு சரியாக இருக்கிறது, யாரோ வந்து இரண்டு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்ட உப்பு சட்டியில்தான் இருக்கிறது, ஆனாலும் கறி சப்பென்று ஆகிவிடும். முதியவர்களுக்குச் 'சோடியம் குறைந்துவிட்டது' என்று நாங்கள் சொல்லும்போது, பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். தண்ணீர் மிஞ்சிவிட்டது.

உங்கள் மாமாவையே கணக்கில் எடுப்போம். இந்த வயதில் உடம்பு எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அதாவது 52 கிலோவுக்கு 26 லிட்டர். அதில் 3 லிட்டர் கூடுதலாகத் தங்கிவிட்டால், உப்பு ஒரு துளிகூடக் குறையாமலே 140 என்பது 125-க்கு இறங்கிவிடும். தினமும் குடித்ததில் ஒரு தம்ளர் மட்டும் வெளியேறாமல் தங்கினால் போதும், இரண்டு வாரத்தில் 3 லிட்டர் சேர்ந்துவிடும். 125-லிருந்து 116 வரைக்கான மீதி இறக்கத்துக்கு மாத்திரை பொறுப்பு. அது சிறுநீரில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கழித்துவிட்டிருக்கும்.

சரி, சமையலில் உப்பு போடாவிட்டால் ரத்தத்தில் உப்பு இறங்காதா? அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்கள் உணவில் உப்பே சேர்ப்பதில்லை. அவர்களுடைய சிறுநீரில் சோடியம் கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் ரத்தத்தில் அது சரியாகவே இருக்கிறது. வயதானாலும் அவர்களுக்குப் பிரஷர் ஏறுவதில்லை என்பது கூடுதல் செய்தி. இது எப்படி முடிகிறது என்றால், உப்பு வரத்து குறைந்ததும் சிறுநீரகம் ரெனின் என்ற ஒன்றைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோன் வருகிறது. அது சிறுநீரிலும் வியர்வையிலும் மலத்திலும் போகும் சோடியத்தைத் திரும்ப இழுத்துவிடுகிறது. ஆரோக்கியமான சிறுநீரகம் இந்த விஷயத்தில் மகா கஞ்சன். உப்பில்லாத கஞ்சியைக் குடித்ததால் மட்டும் யாரும் 116-க்குப் போய்விட முடியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. உண்மையில் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

உடம்பின் உள்ளே ஒரு நிலையான சூழல் காக்கப்படுகிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரான்சின் கிளாட் பெர்னார்ட் சொல்லிவிட்டார். 1920-களில் அமெரிக்காவின் வால்டர் கேனன் அதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தார். பள்ளிப் பாடத்தில் இதைப் படித்தவர்கள் உடல் வெப்பத்தைத்தான் உதாரணமாக நினைவில் வைத்திருப்பார்கள். வெப்பம், சர்க்கரை, அமிலத்தன்மை, கால்சியம், பொட்டாசியம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காவல் உண்டு. அவற்றில் தண்ணீருக்கும் உப்புக்குமான காவல் மிகக் கறாரானது. நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் சில செல்கள் இருக்கின்றன. ரத்தத்தின் அடர்த்தி நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மாறினாலே அவற்றுக்குத் தெரிந்துவிடும். அடர்த்தி கூடினால் இரண்டு வேலை நடக்கும். வாசோபிரஸின் என்ற ஹார்மோன் வெளியே வரும். இன்னும் கொஞ்சம் கூடினால் தாகம் எடுக்கும்.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டுகிறது. நாம் கழிப்பதோ ஒன்றரை, இரண்டு லிட்டர். மீதியெல்லாம் திரும்ப உள்ளே போகிறது. கடைசிக் கட்டத்தில் எவ்வளவு தண்ணீரை விடுவது, எவ்வளவு பிடிப்பது என்பதை வாசோபிரஸின் தீர்மானிக்கிறது. அது இருந்தால் சிறுநீர்க் குழாயின் சுவரில் நுண்ணிய நீர்வழிகள் திறந்து தண்ணீர் உள்ளே திரும்பும், சிறுநீர் மஞ்சளாகக் கெட்டியாகும். அது இல்லாவிட்டால் சுவர் அடைத்துக்கொள்ளும், சிறுநீர் பச்சைத் தண்ணீராகப் போகும். அந்த நீர்வழிகளைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ருக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு பக்கமும் எல்லை உண்டு. கெட்டியான பக்கத்து எல்லை நம் கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போகிறவர்கள் நல்ல தண்ணீரைக் கணக்குப் பார்த்து ஏற்றிக்கொண்டு போவது ஏன்? கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. எவ்வளவு திறமையான சிறுநீரகமாக இருந்தாலும் ஒரு லிட்டர் சிறுநீரில் அவ்வளவு உப்பைத் திணித்து வெளியே அனுப்ப முடியாது. ஆக, கடல்நீர் குடித்தவன் அந்த உப்பைக் கழிக்கவே உடம்பிலிருக்கும் தண்ணீரையும் சேர்த்துச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

நீர்த்த பக்கத்திலும் ஓர் எல்லை இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. உங்கள் மாமா முட்டிக்கொண்டது அங்கேதான். சிறுநீரகத்தால் சுத்தத் தண்ணீரை மட்டும் தனியாகக் கழிக்க முடியாது. எவ்வளவு நீர்த்த சிறுநீராக இருந்தாலும், லிட்டருக்குக் குறைந்தது 50 அலகாவது கரைபொருள் அதில் கூடவே போக வேண்டும். (மில்லிஆஸ்மோல் என்பது அதன் சரியான பெயர், இங்கே அலகு என்றே வைத்துக்கொள்வோம்.) இந்தக் கரைபொருள் எங்கிருந்து வருகிறது? சாப்பாட்டிலிருந்துதான். உப்பு ஒரு பகுதி. மீன், முட்டை, பயறு போன்ற புரதத்திலிருந்து வரும் யூரியா இன்னொரு பகுதி. சோறு, சாளைக் கறி, துவரன், மோர் என்று சாப்பிடுகிற ஒருவருக்கு நாளைக்கு 700 அலகு கிடைக்கும். ஐம்பதால் வகுத்துப் பாருங்கள், 14 லிட்டர் தண்ணீரைக்கூட அவரால் கழித்துவிட முடியும். கஞ்சியும் கட்டன் சாயாவுமாக இருக்கிறவருக்கு 250 அலகு கிடைத்தாலே அதிகம். அவருடைய உச்சவரம்பு 5 லிட்டர். அதுவும் இளம் சிறுநீரகமாக இருந்தால். வயதாக ஆக, அந்த 50 என்ற அளவுக்கு நீர்க்கச் செய்யும் திறன் குறைந்துகொண்டே வரும்.

நான் முதலில் சொன்ன உங்கள் பங்கு இங்கே வருகிறது. உப்பை முழுக்க நிறுத்தியதால் தண்ணீரை வெளியே கொண்டுபோகிற சரக்கு குறைந்துபோயிற்று. ஆனால் மீனும் பயறும் இல்லாமல் போனதும் அதே அளவுக்குக் காரணம். பல் செட் கட்டாமல் இருப்பதும் காரணம் என்றால் மாமாவுக்குக் கோபம் வரலாம், ஆனாலும் அது உண்மை.

இப்போது மாத்திரை. நீங்கள் பெயரை எழுதவில்லை. ஆனால் சேர்த்த நேரமும் நடந்த கதையும் பார்த்தால், அதில் தையாசைடு வகை மருந்து (நீர் பிரிக்கும் மாத்திரை) இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஹைட்ரோகுளோரோதையாசைடு, குளோர்தாலிடோன், இன்டபமைடு ஆகியவை இந்தக் குடும்பம். பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள். கூட்டு மாத்திரை என்றால் பெயரின் கடைசியில் 'எச்' என்றோ 'சிடி' என்றோ ஒட்டியிருக்கும். சிறுநீரை நீர்க்கச் செய்வதற்கென்று சிறுநீரகத்தில் ஒரு பகுதி இருக்கிறதல்லவா, இந்த மருந்து வேலை செய்யும் இடம் அங்கேயேதான். அந்த 50 என்ற அளவை அது 150, 200 என்று தூக்கிவிடக்கூடும். 250 அலகை 150-ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால் லிட்டர்கூட வராது. அவர் குடித்ததோ நாலைந்து லிட்டர். வியர்வையும் மூச்சும் கொஞ்சத்தைக் கொண்டுபோயிருக்கும், அதிலும் வெட்டு இல்லாத நாட்கள் என்பதால் வியர்வையும் குறைவு. மீதி எங்கே போகும்?

இதற்காக அந்த மாத்திரையையோ எழுதிக் கொடுத்தவரையோ திட்ட வேண்டாம். விலை குறைந்த, நன்றாகச் சோதிக்கப்பட்ட மருந்து அது. பக்கவாதத்தைத் தடுப்பதில் அதற்கு நல்ல பெயர் உண்டு. பெரும்பாலானவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வருடக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். எடை குறைந்த முதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஆரம்பித்த முதல் சில வாரங்களில்தான் ஆபத்து கூடுதல். ஆகவே தொடங்கி ஒன்றிரண்டு வாரத்துக்குள் சோடியம், பொட்டாசியம் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அந்த ஒரு ரத்தப் பரிசோதனை நடந்திருந்தால் ஐசியூ வரை போயிருக்காது.

ஆனாலும் ஹைப்போதலாமஸ் என்ன செய்துகொண்டிருந்தது? ரத்தம் நீர்த்துவிட்டது என்று அதற்குத் தெரிந்திருக்கும். வாசோபிரஸினை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஏனென்றால் உடம்புக்கு அடர்த்தியைவிட முக்கியமான கவலை ஒன்று இருக்கிறது. ரத்தத்தின் கொள்ளளவு குறைந்து மூளைக்கும் இதயத்துக்கும் ஓட்டம் போதாமல் போனால் நிமிடங்களில் உயிர் போய்விடும். சோடியம் இறங்கினால் கொஞ்ச நாள் தாங்கலாம். அதனால் கழுத்து ரத்தக்குழாயிலும் இதயத்திலும் இருக்கும் அழுத்த உணரிகள் 'கொள்ளளவு குறைகிறது' என்று சொன்னால், அடர்த்தி என்னவாக இருந்தாலும் சரி என்று வாசோபிரஸின் சுரக்கும். நீர் பிரிக்கும் மாத்திரை தொடக்கத்தில் செய்வது கொள்ளளவைக் குறைப்பதைத்தான். பிரஷர் இறங்குவதும் அதனால்தான். உடம்பு அதைத் தண்ணீர்ப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு, கிடைத்த தண்ணீரையெல்லாம் பிடித்து வைத்தது. நம் உடம்பு இந்த விதிகளை வகுத்துக்கொண்ட காலத்தில் மாத்திரையும் கிடையாது, ஐந்து லிட்டர் குடி என்று சொல்லும் போனும் கிடையாது.

அதன் பிறகு ஓக்காளம் வந்தது. எனக்கு இது எப்போதும் வருத்தம் தருகிற கட்டம். சோடியம் இறங்கினால் ஓக்காளம் வரும். ஓக்காளமோ வாசோபிரஸினை வெகுவாகத் தூண்டிவிடும். தண்ணீர் இன்னும் தங்கும், சோடியம் இன்னும் இறங்கும். வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வோம்? வாந்தி வருகிறது, சோர்ந்துவிட்டார் என்று எலுமிச்சைத் தண்ணீர், கஞ்சித்தண்ணி, வெந்நீர் என்று ஊற்றுவோம். நீங்களும் ஊற்றியிருப்பீர்கள். பாசத்தில் செய்வதுதான், எந்த வீட்டிலும் நடப்பதுதான்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ரத்தம் நீர்த்துப்போகும்போது தண்ணீர் செல்களுக்குள் நுழைகிறது, செல்கள் ஊதுகின்றன. கையிலோ காலிலோ கொஞ்சம் ஊதினால் பெரிதில்லை. மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது, ஊத இடம் கிடையாது. குழப்பம், தள்ளாட்டம், பேரனை அடையாளம் தெரியாமல் போனது எல்லாம் அந்த வீக்கத்தால்தான். இதற்கு மேல் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும். ஆனால் மூளை செல்கள் சும்மா இருப்பதில்லை. இரண்டு நாள் அவகாசம் கிடைத்தால், தங்களுக்குள் இருக்கும் கரைபொருட்களை வெளியே தள்ளி, நீர்த்த ரத்தத்துக்கு ஏற்றபடி தங்களையும் மாற்றிக்கொண்டு வீக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். 116-லும் அவர் கண் விழித்துப் பேசிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுவே. அப்படிப் பழகிவிட்ட மூளைக்கு ஒரே நாளில் சோடியத்தை 135-க்கு ஏற்றினால் அது சுருங்கிப்போகும். நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை, முக்கியமாக மூளைத்தண்டுப் பகுதியில், சிதைந்துவிடலாம். அது உடனே தெரியாது. சில நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கைகால் விழும். பல நேரங்களில் அது திரும்பாது. அதனால்தான் 24 மணி நேரத்துக்கு 8-க்கு மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்கிறார்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கிறார்கள். வலிப்பு வந்தவருக்கு முதலில் கொஞ்சம் வேகமாக ஏற்றிவிட்டு நிறுத்துவோம், அது வேறு. உங்கள் மாமாவை நாலு நாள் வைத்துப் பார்த்தவர்கள் தங்கள் வேலையைத் தெரிந்து செய்திருக்கிறார்கள்.

இனி வீட்டில் என்ன செய்வது?

அந்த மாத்திரை இனி வேண்டாம். இனி என்றால் எப்போதும். ஒருமுறை இப்படி ஆனவருக்கு மறுபடி கொடுத்தால் மறுபடி ஆகும். மருந்தின் வேதிப் பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, 'இதனால் சோடியம் 116 ஆனது' என்று கீழே எழுதி, பிரஷர் சீட்டோடு சேர்த்துப் பின் பண்ணி வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதலில் காட்டுங்கள். அதற்காகப் பிரஷர் மாத்திரையையே நிறுத்திவிடக் கூடாது. இப்போது டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருப்பதைச் சரியாகக் கொடுங்கள்.

உப்பு: சமையலுக்கு அளவாகப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சின்ன டீஸ்பூன் மட்டம். கஞ்சிக்கு உப்பு போடலாம், சம்மந்தியும் வைத்துக்கொள்ளலாம். கருவாடும் உப்பிலிட்டதும் தினமும் வேண்டாம். பிரஷர் இருக்கிறவருக்கு 'சோடியம் குறைந்தது' என்று சொல்லி உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்கிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். கடையில் 'குறைந்த சோடியம் உப்பு' என்று விற்பதையும் வாங்க வேண்டாம். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரையோடு அது ஒத்துப்போகுமா என்று பார்க்காமல் தொடக் கூடாது.

உப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது புரதம். கஞ்சியோடு சிறுபயறு, இல்லாவிட்டால் ஒரு முட்டை, முள் எடுத்த மீன். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மட்டும் அவித்துக் கொடுத்தால் வயிறு நிறையும், நான் மேலே சொன்ன கணக்குக்கு உதவாது. மீனும் சேர்ந்தால் சரி. இவ்வளவு நல்ல மீன் கிடைக்கும் மாவட்டத்தில் ஒரு மனிதர் கட்டன் சாயாவில் காலம் தள்ளுவது நியாயமே இல்லை.

தண்ணீர்: டிஸ்சார்ஜ் சீட்டில் அளவு எழுதியிருந்தால் அதுதான் சட்டம். எழுதவில்லை என்றால், மறு பரிசோதனை வரைக்கும் சாயா, கஞ்சித்தண்ணி, மோர் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒன்றரை லிட்டர் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தாகத்துக்குக் குடித்தால் போதும். எல்லாருக்கும் பொதுவாக 'இத்தனை லிட்டர்' என்று ஓர் எண் கிடையாது. வயதானவர்களுக்குத் தாகம் மந்தமாகிவிடும் என்பதும் உண்மைதான். அதனால் வெயிலில் நடந்த நாளிலும் வயிற்றுப்போக்கு வந்த நாளிலும் மட்டும் சிறுநீரின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கடும் மஞ்சளாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குடிக்க வேண்டும். நாள் முழுக்க நிறமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தால் தேவைக்கு மேல் குடிக்கிறார் என்று பொருள். கிட்னியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டியதில்லை, அது தினம் 180 லிட்டரைத் தானே பார்த்துக்கொள்கிறது. கல் இருக்கிறவர்கள் கூடுதலாகக் குடிக்க வேண்டும் என்பது சரி. மாமாவுக்குக் கல் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

இளநீர்: அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் மிகக் குறைவு. சோடியம் இறங்கியவருக்கு அது மருந்தாகாது. குடித்தால் இன்னொரு தம்ளர் தண்ணீர் குடித்த மாதிரிதான். சிறுநீரகம் நன்றாக இருந்து, ரத்தத்தில் பொட்டாசியமும் சரியாக இருந்தால், ஆசைக்கு எப்போதாவது ஒன்று குடிக்கலாம். டெல்மிசார்ட்டான் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினம் இரண்டு, மூன்று என்று வெட்டிக் குடிக்கக் கூடாது. அவர்களுக்குப் பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பையே குழப்பிவிடும். வீட்டுத் தோப்பில் தென்னை நிற்கிற ஊர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்கானி (பதநீர்) கிடைக்கும் காலத்தில் ஒரு தம்ளர் குடிப்பதில் தப்பில்லை, சர்க்கரை நோய் இல்லை என்றால். வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் ஓஆர்எஸ். அதுவும் மெடிக்கல் ஸ்டோரில் கிடைக்கும் பொடி பாக்கெட், அட்டையில் சொல்லும் அளவுத் தண்ணீரில் கரைத்து. பழச்சுவையில் டப்பாவில் வரும் இனிப்புப் பானங்கள் அந்த வேலையைச் செய்யாது.

ஒரு வாரத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றையும் பாருங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. மாத்திரை நின்ற பிறகும் சோடியம் மறுபடி இறங்கினால் கதை வேறு. தைராய்டு, அட்ரினல், நுரையீரல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். மாமாவுக்குப் பீடிப் பழக்கம் உண்டென்றால், சோடியம் சரியாகவே இருந்தாலும் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிடுங்கள். வேறு எதற்காவது தூக்க மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, வலிப்பு மாத்திரை எழுதினாலும் சோடியம் கதையைச் சொல்லிவிடுங்கள். அவற்றில் சில இதே வேலையைச் செய்யும். மறுபடியும் ஓக்காளம், தலைவலி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். அன்றைக்கே போய் ரத்தம் பாருங்கள்.

கடைசியாக, வெட்டு. அவர் அடம்பிடிப்பது நல்ல அறிகுறி என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சோடியம் கொஞ்சம் குறைவாக இருந்தாலே வயதானவர்களுக்கு நடை தடுமாறும், விழுந்தால் இடுப்பெலும்பு போகும். பால்வெட்டு என்பது இருட்டில், தலையில் லைட் கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு, சரிவான விளையில் செய்கிற வேலை. அதனால் ஒரு மாதப் பரிசோதனை முடியட்டும். எண் 135-க்கு மேல் நிலையாக நிற்கட்டும். முற்றத்தில் ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் நடந்தால் போகட்டும். ஆரம்பத்தில் பாதி மரம் போதும். துணைக்கு ஒருவர் வேண்டும், விடிந்த பிறகு போனால் இன்னும் நல்லது. வெயில் ஏறிய பிறகு போனால் பால் குறையும் என்பார், அது உண்மைதான். ஆரம்பத்தில் கொஞ்ச நாளைக்குக் குறைந்தால் குறையட்டும் என்று சொல்லுங்கள். வெட்டு முடித்து வந்ததும் உப்பு போட்ட கஞ்சியும் பயறும் கொடுங்கள். கூடவே அந்தப் பல் செட் விஷயத்தை மகனிடம் போனில் பேசி இந்த மாதமே முடித்துவிடுங்கள். மேலே சொன்ன மருந்து விஷயங்களைவிட அதைத்தான் அவர் அதிகம் தள்ளிப்போடப் பார்ப்பார்.